எம்டனுக்கு ஒரு தபால் தலை

ஒரு தேசம் தன் சொந்தப் போர்க்கப்பலுக்குத் தபால் தலை வெளியிடுவது உலக வழக்கம். வென்ற கப்பலுக்கும் வெளியிடுவார்கள். மூழ்கிய கப்பலுக்கும் வெளியிடுவார்கள். ஆனால் தன் கரையில் ஆயுதந்தாங்கிய வீரர்களை இறக்கி, தன் தந்தி நிலையத்தை உடைத்து நொறுக்கி, கடைசியில் தன் தீவுக் கூட்டத்தின் பவளப்பாறையிலேயே ஏறி மாண்டுபோன சத்துருவின் கப்பலுக்கு, அந்தத் தீவுகளே தபால் தலை அச்சிட்டுக் கடிதங்களில் ஒட்டி உலகெங்கும் அனுப்பிவைத்த சம்பவம் அபூர்வமானது. இந்துமகா சமுத்திரத்தில் இருக்கும் கோகோஸ் கீலிங் தீவுகள் அந்தக் காரியத்தைச் செய்திருக்கின்றன. அப்படி கௌரவம் பெற்ற கப்பல், 1914ஆம் ஆண்டு நம் சென்னைப் பட்டணத்தின் மீது குண்டு வீசிப் போன எம்டன்.

கோகோஸ் தீவுகளை நம்மவர்களில் பலர் வரைபடத்தில்கூடக் கவனித்திருக்க மாட்டார்கள். இலங்கைக்குத் தென்கிழக்கே நெடுந்தூரம் கடலில் போனால், சுமத்திராவுக்கும் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரைக்கும் இடையில், தண்ணீர்மட்டத்துக்குச் சற்றே மேலாகத் தலைகாட்டிக்கொண்டிருக்கும் பவளத் திட்டுகள் அவை. அங்கே தென்னை உண்டு, மணல் உண்டு, சில நூறு ஜனங்கள் உண்டு. கிளூனீஸ் ராஸ் என்ற ஸ்காட்லாந்துக் குடும்பம் அங்கே தலைமுறை தலைமுறையாகத் தோட்டம் வைத்து, மலாய்த் தொழிலாளிகளைக் கொண்டு கொப்பரை வியாபாரம் நடத்திவந்தது. சிங்கப்பூரின் நிர்வாகத்தில் இருந்த தீவுகள் 1955இல் ஆஸ்திரேலியாவின் கைக்கு மாறின. 1963இல் முதன்முதலாகத் தங்கள் பெயர் பொறித்த தபால் தலைகளை வெளியிட்டன. இத்தனை சிறிய பிரதேசத்துக்குத் தபால் தலை என்பது கடிதப் போக்குவரத்துக்கு மட்டும் உரிய சாதனமாக இராது. நாங்களும் இந்த உலகத்தில் இருக்கிறோம் என்று சொல்லிக்கொள்ள அதற்கு வாய்த்திருக்கும் ஒரே குரல் அது. அந்தக் குரல் யாரைப் பற்றிப் பேசத் தீர்மானிக்கிறது என்பதைக் கொண்டு அந்த ஜனசமூகத்தின் மனத்தை ஓரளவு அறிந்துகொள்ளலாம் என்று நான் நம்புகிறேன்.

1976இல் கோகோஸ் தீவுகள் கப்பல்களை மட்டுமே பொருளாகக் கொண்டு ஒரு வரிசையை வெளியிட்டன. அந்தக் கடலில் வந்துபோன கப்பல்கள் பல அதில் உண்டு. சார்லஸ் டார்வின் ஏறிவந்த பீகிள் உண்டு. 1836இல் அவர் அங்கே இறங்கிப் பவளத் திட்டுகள் உருவாகும் விதத்தை ஆராய்ந்தார் என்பது விஞ்ஞான சரித்திரத்தில் பிரசித்தமான விஷயம். அதே வரிசையில் சிட்னி என்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பலும், எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பலும், அயேஷா என்ற பாய்மரக் கப்பலும் அடுத்தடுத்து இடம்பெற்றிருக்கின்றன. சுட்ட கப்பல், சுடப்பட்ட கப்பல், 1914இல் இவ்விரண்டுக்கும் சண்டை நடந்த நாளில் ஜெர்மானியர்கள் தப்பியோட உதவிய கப்பல் ஆகிய மூன்றும் ஒரே ஆல்பத்தாளில் அருகருகே அமர்ந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம், இந்த வரிசையைத் திட்டமிட்டவர் வெறும் கடமைக்காக அதைச் செய்யவில்லை என்று எனக்குத் தோன்றும்.

பிறகு 1989இல், சண்டை நடந்து 75 ஆண்டுகள் நிறைவுற்றதை முன்னிட்டு, அந்தச் சம்பவத்துக்கென்றே நான்கு ஞாபகார்த்தத் தபால் தலைகள் வந்தன. சிட்னிக்கும் எம்டனுக்கும் அவற்றில் இடம் இருந்தது; அதில் யாரும் ஆச்சரியப்படப் போவதில்லை. நான் நின்று பார்ப்பது எம்டனின் நீராவிப் படகுக்குக் கொடுத்திருக்கும் தலையைத்தான். பெரிய கப்பலிலிருந்து கரைக்குப் போய்வருவதற்காக வைத்திருக்கும் சின்னஞ்சிறு லாஞ்சு அது. பீரங்கிகளும் புகைபோக்கிகளும் நிறைந்த ஒரு யுத்தக் கதையில் ஒரு லாஞ்சுக்குத் தனித் தபால் தலை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமானால் கதையைக் கொஞ்சம் முன்னேயிருந்து தொடங்க வேண்டும்.

எம்டன் டான்சிக் துறையில் கட்டப்பட்டு 1908இல் கடலில் இறங்கிய கப்பல். நீளம் 118 மீட்டர். பத்துப் பீரங்கிகள், ஒவ்வொன்றின் வாயும் பத்தரை சென்டிமீட்டர் அகலம். அந்தக் காலத்து மகா யுத்தக் கப்பல்களோடு ஒப்பிட்டால் இது சிறிய கப்பல்தான். சீனக் கரையில் ஜெர்மானியர் வசமிருந்த ட்சிங்டாவ் அதன் இருப்பிடம். வெள்ளை வர்ணமும் ஒயிலான தோற்றமும் கண்டு அதைக் கிழக்கின் அன்னம் என்று அழைத்தார்கள். 1914 ஆகஸ்டில் யுத்தம் மூண்டதும் அதன் தலைவர் கார்ல் ஃபான் மியூலர், மற்றக் கப்பல்களை விட்டுப் பிரிந்து, ஒரு நிலக்கரிக் கப்பலை மட்டும் துணையாகக் கொண்டு, சத்துருக்களின் ஆதிக்கத்தில் இருந்த இந்துமகா சமுத்திரத்துக்குள் தனியே நுழைந்தார். ஒதுங்க ஒரு துறைமுகம் கிடையாது. பழுது பார்க்க ஓர் இடம் கிடையாது. நிலக்கரியைக்கூடப் பிடித்த கப்பல்களிலிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். மூன்று புகைபோக்கிகள் கொண்ட தன் கப்பலுக்கு நான்காவதாக ஒரு போலிப் புகைபோக்கியைப் பொருத்தி, தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு அது பிரிட்டிஷ் கப்பல் என்று தோன்றும்படி செய்துகொண்டு, அவர் அந்தச் சமுத்திரத்தை இரண்டு மாதங்கள் கலக்கினார்.

மியூலரின் யுத்த சாமர்த்தியத்தைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். அவருடைய ஆசாரத்தைப் பற்றியே நான் எழுத விரும்புகிறேன். வணிகக் கப்பல் ஒன்றைப் பிடித்தால், அதில் இருந்தவர்களை முதலில் பத்திரமாக வேறு கப்பலுக்கு மாற்றிவிட்டு, அதன் பிறகே அதை மூழ்கடிப்பார். மூழ்கிய கப்பல்களின் ஜனங்கள் எண்ணிக்கையில் பெருகியதும், பிடித்த கப்பல்களில் ஒன்றை மூழ்கடிக்காமல் விட்டு, எல்லோரையும் அதில் ஏற்றித் துறைமுகத்துக்கு அனுப்பிவிடுவார். செப்டம்பர் மாதத்தில் கபிங்கா என்ற கப்பல் அப்படித்தான் விடுதலை பெற்றது. இவ்விதம் கரை சேர்ந்தவர்கள் தங்களைச் சிறைப்பிடித்தவரைப் புகழ்ந்து பேசினார்கள். பிரிட்டிஷ் பத்திரிகைகளே அந்தப் புகழ்ச்சியை அச்சிட்டன. பினாங்குத் துறைமுகத்தில் ரஷ்யக் கப்பலான ஷெம்சுகைத் தகர்த்துவிட்டு வெளியேறும்போது, எதிர்ப்பட்ட மூஸ்கே என்ற பிரெஞ்சு நாசகாரிக் கப்பலையும் எம்டன் மூழ்கடித்தது. உடனே நின்று, தண்ணீரில் தத்தளித்தவர்களைத் தூக்கி ஏற்றிச் சிகிச்சை செய்து, பின்னர் ஒரு பிரிட்டிஷ் சரக்குக் கப்பலை நிறுத்தி அதில் அவர்களை ஒப்படைத்தது. அவசரமாக ஓடித் தப்ப வேண்டிய நேரத்தில் சத்துருவின் மாலுமிகளை நீரிலிருந்து தூக்குவதற்காகக் கப்பலை நிறுத்துவது என்பது, தன் கப்பலையும் தன் ஆட்களையும் பணயம் வைக்கும் காரியம்.

இவற்றையெல்லாம் சொல்லும் அதே மூச்சில் சென்னையையும் சொல்லியாக வேண்டும். 1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு ஒன்பதரை மணியளவில் எம்டன் சென்னைத் துறைமுகத்தை நெருங்கியது. உயர் நீதிமன்றத்தின் உச்சியில் இருந்த கலங்கரை விளக்கம் வழக்கம்போல் எரிந்துகொண்டிருந்தது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளே அதன் இலக்கு. தேடுவிளக்கைப் பாய்ச்சித் தொட்டிகளைக் கண்டுகொண்டு, சிறிது நேரத்துக்குள் 125க்கும் மேற்பட்ட குண்டுகளை அது பொழிந்தது. இரண்டு தொட்டிகள் தீப்பற்றின. துறைமுகத்தில் நின்றிருந்த சுப்ரா என்ற வணிகக் கப்பல் அடிபட்டது. குறைந்தது ஐந்து பேர் மாண்டனர். கரையிலிருந்து பதிலுக்குச் சுட்டபோதும் எம்டன் சேதமின்றி இருளில் மறைந்துவிட்டது. மறுநாள் முதல் ஜனங்கள் மூட்டை முடிச்சுகளோடு பட்டணத்தை விட்டு ரயிலிலும் வண்டியிலும் கால்நடையாகவும் புறப்பட்டுவிட்டார்கள். உயர் நீதிமன்றத்தின் கிழக்கு மதிலில் குண்டு விழுந்த இடத்தைக் காட்டும் கல் இன்றும் இருக்கிறது. இந்திய விடுதலைப் போராளி செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் இருந்தார் என்ற செவிவழிச் செய்தி தமிழ்நாட்டில் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. அதை ஆராய்வது இந்தப் பதிவின் வேலை அன்று. முரட்டு மனிதரை எம்டன் என்று அழைக்கும் வழக்கமும் எல்லோரும் அறிந்ததே. எனக்கு வேண்டியது அந்த ஐந்து பேர். அவர்களைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

நவம்பர் 9ஆம் தேதி காலை எம்டன் கோகோஸ் தீவுகளுக்கு வந்தது. அங்கே டைரக்‌ஷன் தீவில் இருந்த தந்தி நிலையம் ஆஸ்திரேலியா, பட்டேவியா, ஆப்பிரிக்கப் பக்கம் ஆகிய மூன்று திசைகளுக்கும் போகும் கடலடிக் கம்பிகளின் சந்திப்பு. அதை அழித்தால் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் நரம்பு ஒன்று அறுந்துபோகும் என்பது மியூலரின் கணக்கு. ஹெல்முத் ஃபான் முயுக்கே என்ற துணைத்தலைவரின் கீழ் ஐம்பது பேர் கரைக்குப் புறப்பட்டார்கள். அவர்கள் ஏறிய படகுகளை இழுத்துச் சென்றது, தபால் தலையில் இடம்பிடித்திருக்கும் அந்த நீராவி லாஞ்சு. ஆனால் நிலையத்துச் சிப்பந்திகள் நான்காவது புகைபோக்கி வெறும் துணி என்பதை ஏற்கெனவே கண்டுகொண்டு, அந்நியக் கப்பல் ஒன்று வந்திருக்கிறது என்ற செய்தியைக் காற்றில் அனுப்பிவிட்டார்கள். ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகளை ஏற்றிக்கொண்டு ஒரு பெரிய கப்பல் கூட்டம் அப்போது அந்த வழியாகவே போய்க்கொண்டிருந்தது என்பதும், அதற்குக் காவலாக வந்த சிட்னி இரண்டு மணி நேரப் பிரயாண தூரத்தில்தான் இருந்தது என்பதும் மியூலருக்குத் தெரியாது.

கரையில் நடந்ததை நினைக்கும்போது, அது யுத்த காலத்துச் சம்பவம் என்பதையே மறந்துவிடத் தோன்றுகிறது. நிலைய அதிகாரி, எம்டன் மாலுமிகளுக்கு ஜெர்மானியச் சக்கரவர்த்தி இரும்புச் சிலுவைப் பதக்கம் வழங்கியிருக்கும் செய்தி தந்தியில் வந்ததென்று சொல்லி, தன் நிலையத்தை உடைக்க வந்தவர்களுக்கே வாழ்த்துச் சொன்னார். கம்பியில்லாத் தந்திக் கம்பத்தை வெட்டிச் சாய்க்கும் நேரம் வந்தபோது, அது தங்கள் டென்னிஸ் மைதானத்தின் மேல் விழாதபடி பார்த்துக்கொள்ள முடியுமா என்று சிப்பந்திகள் கேட்டார்கள். ஜெர்மானியர்கள் அதற்கு இணங்கி, கம்பத்தை வேறு பக்கமாகச் சாய்த்தார்கள். வந்த காரியத்தில் அவர்கள் ஒரு குறையும் வைக்கவில்லை. கருவிகளைக் கோடாரியால் நொறுக்கினார்கள், கடலடிக் கம்பியை இழுத்து வெட்டினார்கள். ஆனால் கரையில் ஓர் உயிருக்கும் சேதமில்லை.

அதற்குள் எம்டனின் சங்கு ஊதிவிட்டது. முயுக்கேயின் ஆட்கள் லாஞ்சில் ஏறித் துரத்திப் பார்த்தார்கள். கப்பல் அவர்களுக்காகக் காத்திருக்க முடியாத நிலை. சிட்னி அடிவானத்தில் புகை கக்கிக்கொண்டு வந்துவிட்டிருந்தது. லாஞ்சு பாதி வழியில் திரும்பிக் கரைக்கே வந்தது. திரும்பியவர்கள், கிளூனீஸ் ராஸ் குடும்பத்துக்குச் சொந்தமான அயேஷா என்ற, மூன்று பாய்மரங்கள் கொண்ட கப்பலைக் கைப்பற்றி, அன்று மாலையே சுமத்திராவின் பாடாங் துறைமுகத்தை நோக்கிப் புறப்பட்டு, வேறு கப்பல் மாறி, அரேபியக் கரையில் இறங்கி, பாலைவனத்தில் சண்டையிட்டு, 1915 மே மாதத்தில் கான்ஸ்டான்டிநோபிளை அடைந்த கதை தனியே ஒரு புத்தகத்துக்கு உரியது. எம்டனின் கதை இரண்டாகப் பிரிந்த இடம் அந்த லாஞ்சுதான். எட்டிப் பிடித்திருந்தால் அந்த ஐம்பது பேரும் கப்பலின் விதியை அனுபவித்திருப்பார்கள். பிடிக்க முடியாமல் போனதால் பெரும்பாலோர் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். அதனால்தான் நான்கு தலைகளில் அதுவே மிகச் சிறந்தது என்று சொல்லுகிறேன். யுத்தத்தின் பெரிய சாதனங்களுக்குப் பக்கத்தில் சாதாரண மனிதர்கள் ஏறி இறங்கிய ஒரு படகுக்கு இடம் கொடுக்க வேண்டும் என்று நினைத்த அந்தத் தபால் துறைக்கு என் நமஸ்காரம்.

கடலில் நடந்தது சமமற்ற சண்டை. சிட்னியின் பீரங்கிகள் ஆறங்குல வாய் கொண்டவை. தூரமும் அதிகம், குண்டின் எடையும் அதிகம். முதலில் எம்டனின் குண்டுகள் இலக்கில் விழுந்தன. பிறகு ஒன்றன்பின் ஒன்றாகப் புகைபோக்கிகள் சாய்ந்தன, பீரங்கிகள் ஓய்ந்தன. பதினொன்றேகால் மணியளவில், கப்பல் மூழ்கி எல்லோரும் சாவதைவிட மேல் என்று கருதி, மியூலர் அதை வடக்குக் கீலிங் தீவின் பாறைமீது ஏற்றினார். சிட்னி வேறொரு கப்பலைத் துரத்திப் போய்விட்டுத் திரும்பி வந்தபோது எம்டனின் கம்பத்தில் கொடி இன்னும் பறந்துகொண்டிருந்தது. சரணடையும்படி கேட்ட செய்திக்குத் தெளிவான பதில் வராததால் சிட்னி மறுபடியும் சுட்டது. அதன் பிறகே கொடி இறங்கியது. அந்தக் கடைசிக் குண்டுகளைப் பற்றி வெற்றி பெற்ற தரப்பிலேயே மனச்சங்கடம் இருந்தது. எம்டனில் இறந்தவர்கள் 130க்கும் மேற்பட்டவர்கள், சிட்னியில் நால்வர்.

சிட்னியின் தலைவர் ஜான் கிளாசப், உயிர் தப்பிய ஜெர்மானிய அதிகாரிகள் தங்கள் உடைவாளை வைத்துக்கொள்ள அனுமதித்தார். காயம்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு அவர் கொழும்புத் துறைமுகத்துக்குள் நுழையும்போது, அங்கே நின்றிருந்த கப்பல்களில் ஆயிரக்கணக்கான ஆஸ்திரேலியப் படைவீரர்கள் தங்கள் நாட்டுக் கடற்படையின் முதல் பெரிய வெற்றியைக் கொண்டாடக் காத்திருந்தார்கள். தன் கப்பலில் காயம்பட்ட சத்துருக்கள் படுத்திருக்கிறார்கள், ஆகையால் ஆரவாரம் வேண்டாம் என்று கிளாசப் முன்கூட்டியே கேட்டுக்கொண்டார். அவர்களும் மௌனமாகவே நின்றார்கள். கொழும்பில் நடந்த இந்த ஒரு காரியத்துக்காகவே நான் அந்த மனிதரை மியூலருக்குச் சமமாக மதிக்கிறேன்.

எம்டனிலிருந்து எடுத்த பொருள்களில் மெக்சிகோ நாட்டு வெள்ளி டாலர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. சீனக் கரையில் அந்த நாணயமே செலாவணி. அவற்றில் சிலவற்றை ஆஸ்திரேலியாவில் பதக்கமாக்கினார்கள். நாணயத்தின் ஒரு புறம் பாம்பைக் கவ்விய கழுகு. மறுபுறம் கதிர் வீசும் சுதந்திரத் தொப்பி. அதன் தலையில் ஒரு சிறிய கிரீடத்தை வைத்துப் பட்டை கட்டி, நவம்பர் 9, 1914 என்ற தேதியையும் இரண்டு கப்பல்களின் பெயர்களையும் பொறித்தார்கள். வெற்றிப் பதக்கத்தில் தோற்றவனின் பெயரையும் சேர்த்துப் பொறிக்கும் அந்த மனோபாவந்தான் பிற்காலத்தில் தபால் தலையிலும் தொடர்ந்தது என்று கருதுகிறேன். அந்தச் சண்டையின் 75ஆம் ஆண்டு நிறைவு நாளான 1989 நவம்பர் 9 அன்று ஜெர்மனியில் பெர்லின் சுவர் திறந்தது என்பதையும் இந்த இடத்தில் குறிப்பிடத் தோன்றுகிறது. இரண்டுக்கும் சம்பந்தம் ஏதும் இல்லை. ஆனாலும் அன்றைய தேதியிட்ட ஒரு கோகோஸ் உறை கிடைத்தால் அதை நான் விலை பேசாமல் வாங்கிவிடுவேன்.

இனி அந்த ஐந்து பேரின் விஷயம். சத்துருவின் கப்பலுக்குத் தபால் தலை வெளியிடலாமா என்று ஆட்சேபிப்பவர்களின் கட்சியில் நான் இல்லை. கோகோஸ் தீவுகளின் சிப்பந்திகள் எம்டன் மாலுமிகளை நேரில் பார்த்தார்கள், பேசினார்கள், அவர்களுடைய நடத்தையை எடைபோட்டார்கள். அந்த அனுபவத்தின் மேல் எழுந்த மரியாதைக்கு அர்த்தம் உண்டு. ஆனால் சென்னைத் துறைமுகத்தில் இறந்தவர்கள் மியூலரின் ஆசாரத்தைக் காணவில்லை. இருளில் ஒரு வெளிச்சத்தையும், பிறகு ஒரு குண்டையும் மட்டுமே கண்டார்கள். எண்ணெய்த் தொட்டிதான் இலக்கு என்பது கப்பலில் இருந்தவர்களுக்குத் தெரியும். சுப்ராவில் இருந்தவர்களுக்கு அது தெரிய வழியில்லை, தெரிந்தும் பயனில்லை. எம்டனின் கௌரவத்தை எழுதுகிற புத்தகங்களில் சென்னை பெரும்பாலும் ஒரு வீரதீரச் சாகசமாக ஒரு பத்திக்குள் முடிந்துவிடுகிறது. மதிலில் இருக்கும் கல்லும் குண்டு விழுந்த செய்தியைச் சொல்லுகிறதே தவிர, விழுந்த மனிதர்களைச் சொல்லவில்லை. எம்டனில் பணிபுரிந்தவர்கள் தங்கள் பெயரோடு கப்பலின் பெயரையும் சேர்த்துக்கொள்ளும் உரிமையை ஜெர்மனி வழங்கியது. அந்தக் கப்பலின் குண்டுக்கு இரையானவர்களின் குடும்பங்களுக்கு நாம் ஒரு வரிகூட வழங்கவில்லை.

ஆகவே நம் தபால் துறைக்கு என் விண்ணப்பம் ஒன்று உண்டு. செப்டம்பர் 22ஆம் தேதிக்கு ஒரு ஞாபகார்த்தத் தபால் தலை வெளியிட வேண்டும். அதில் எம்டன் வேண்டாம்; அதற்குக் கோகோஸ் தீவுகள் போதிய மரியாதை செய்துவிட்டன. எரிகிற தொட்டிகளும் வேண்டாம். தீயின் படம் கண்ணைக் கவர்ந்து மனிதரை மறைத்துவிடும். துறைமுகத்தில் நங்கூரமிட்டு நின்ற சுப்ராவை வரைய வேண்டும். தளத்தில் அன்றிரவு வேலையில் இருந்த மாலுமிகளை, உருவம் தெரியும் அளவுக்கு, வரைய வேண்டும். அதை முதல் நாள் வெளியிடுவதற்குப் பொருத்தமான இடம், ராஜாஜி சாலையில் துறைமுகத்துக்கு எதிரிலேயே இருக்கும் பொதுத் தபால் நிலையம். 1884இல் எழும்பிய அந்தச் சிவப்புக் கட்டடம் குண்டு விழுந்த இரவிலும் அதே இடத்தில்தான் நின்றது. இறந்தவர்களின் பெயர்களைத் துறைமுகப் பதிவேடுகளிலும் கப்பல் கம்பெனிகளின் ஏடுகளிலும் தேடி எடுத்து, தலையோடு தருகிற விவரத்தாளில் தமிழிலும் அச்சிட வேண்டும். இந்த வேலைக்கு ஆவணக்காப்பகத்தில் உட்கார்ந்து தேடக்கூடிய வாசகர் யாரேனும் இருந்தால் எனக்கு எழுதுங்கள். விண்ணப்பத்தின் நகலை அனுப்பிவைக்கிறேன், சேர்ந்தே கையெழுத்திடுவோம்.